விரல் இல்லாத தொடுகை

தொடுதிரைக்கு விரல் தெரியாது. அழுத்தம், சூடு, விரலுக்குரிய ஆள், எதுவும் தெரியாது. தன் மின்புலத்தில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்கிற மாதிரி ஏதோ பக்கத்தில் வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். 'உடல்', 'உடல்' என்று இவ்வளவு காலம் எழுதித் தள்ளிய நாம் இந்த உடலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1920வாக்கில் பெத்ரோகிராதில் வாயுக்களின் மின்பண்பை அளக்கும் கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்த லெவ் டெர்மன், தன் கை கிட்டே வந்தால் ஒலியின் சுருதி மாறுவதைக் கவனித்தார். அளவையைக் கெடுத்த தொந்தரவே தெரமின் என்ற இசைக்கருவி ஆயிற்று. 1922இல் லெனினிடம் அதை இயக்கிக் காட்டினார். (1939இல் அதே அரசு அவரைப் பிடித்து உள்ளே போட்டது, சிறைக்குள்ளிருந்த ஆய்வுக்கூடத்தில் வேலையும் வாங்கியது. அது தனிக்கதை.)

இசையிலிருந்து கட்டளைக்கு வர நாற்பது சொச்சம் ஆண்டுகள். 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ரேடார் ஆய்வு நிறுவனத்தில் ஈ. ஏ. ஜான்சன் இதே மின்தேக்குத் திறனை வைத்துத் தொடுதிரையை முன்மொழிந்தார். அவர் மனதில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. 1973இல் ஜெனீவாவின் செர்ன் கூடத்தில் ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் இருவரும் புதிய புரோட்டான் முடுக்கியின் கட்டுப்பாட்டறைக்காக இப்படியொரு திரையை விவரித்தார்கள். அறை முழுக்கக் குமிழும் பொத்தானும் வேண்டாம் பாருங்கள். குமிழைத் திருகுகிற கைக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டு. கண்ணாடியில் அது வழுக்கி விழுந்தது; மிஞ்சியது ஆம், இல்லை.

2007க்குப் பிறகு இது சட்டைப்பைக்கு வந்தது. 2010 குளிரில் தென்கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாதவர்கள் சாசேஜால் திரையைத் தொட்டதாகச் செய்திகள் வந்தன. சிரிக்கலாம்தான். உறை போட்டு வேலை பார்க்கிற உயிருள்ள கையை மறுக்கிறது, செத்த இறைச்சியை ஏற்கிறது!

இந்த இடத்தில்தான் ரோபோ வருகிறது. ஒரே பொத்தானை ஆயிரம் முறை தட்டிச் சோதிக்கும் அலுப்பான வேலை அதற்கு. ஆனால் பிளாஸ்டிக் கையின் நுனியில் சின்ன உலோகத் துண்டை வைத்துத் தட்டினால் பல சமயம் ஒன்றுமே நடக்காது. நம் உடல் உப்புநீர் நிறைந்த பெரிய பாத்திரம்; அதன் பருமனே போதும். ரோபோ நுனிக்கு அந்தப் பருமன் இல்லை, கடன் வாங்க வேண்டும். நுனியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் போனின் கிரவுண்டில் இணைத்தால் திரை அதை விரலாக எடுத்துக்கொள்கிறது.

சொல்லப்போனால் தட்டவே வேணாம். கண்ணாடிமேல் ஒரு நாணயத்தை ஒட்டி, கம்பியை ஒரு ரிலே வழியாகக் கிரவுண்டுக்குக் கொண்டுபோனால் போதும். ரிலே மூடினால் தொடுகை, திறந்தால் விரலை எடுத்த மாதிரி. எதுவும் அசைவதில்லை. கம்பி மட்டும் குட்டையாக இருக்க வேண்டும். நீண்டால் அதுவே உடலாகிவிடும், ரிலே திறந்திருந்தாலும் யாரோ தொட்டதாகத் திரை சொல்லும். விடாமல் மூடியே வைத்தாலும் ஆகாது. சில திரைகள் கொஞ்ச நேரத்தில் நாணயத்தைப் பின்னணிக் கணக்கில் சேர்த்துவிடும், அப்புறம் அது அங்கே இல்லாத மாதிரிதான். அதனால் ரிலே விட்டு விட்டு அடித்துக்கொண்டிருக்கிறது.