இரவல் வாங்கிய பேஸ் கிட்டாரும் அதன் கதையும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

பழைய மாணவர் ஒருவரின் மகள், கல்லூரி விழாவுக்காகத் தோழியிடமிருந்து ஒரு எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரை இரவல் வாங்கியிருக்கிறாள். கம்பிகள் உயரமாக இருப்பதால் விரல் வலிக்கிறதாம். "கடையில் கொடுத்து என் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடலாமா சார்?" என்று கேட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இந்த வாத்தியத்தின் வரலாறு முழுக்க இதே கேள்விதான். வாத்தியம் கைக்கு ஏற்ப மாற வேண்டுமா, கை வாத்தியத்துக்கு ஏற்ப மாற வேண்டுமா?

பேஸ் கிட்டார் என்றதும் பலருக்கு உருவம் நினைவுக்கு வராது. ஆனால் ஒலி எல்லோருக்கும் தெரியும். இளையராஜா பாடல்களில் தாளத்துக்கும் மெலடிக்கும் நடுவே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அந்தக் கனத்த அடிக்குரல்தான் அது. நான்கு கம்பிகள். அவற்றில் தடித்த கம்பி, நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிரும்.

இதற்கு முன்னால் மேற்கத்திய இசைக்குழுக்களில் அந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும், வயலின் குடும்பத்து வாத்தியம். காரில் ஏற்றுவது பெரும்பாடு. டிரம்ஸும் எக்காளமும் முழங்கும் மேடையில் அதன் குரல் அமுங்கிப்போகும். இன்னொரு சிரமம், அதில் ஃப்ரெட் கிடையாது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட். அது இல்லாவிட்டால் விரல் ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி தவறும். பல வருடப் பயிற்சி இல்லாமல் தொட முடியாது.

இதை மாற்ற முதலில் முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க். 1930களின் நடுவில், கிட்டார் போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும், ஃப்ரெட் உள்ள மின் பேஸை அவர் செய்தார். ஆடியோவாக்ஸ் 736 என்று பெயர். மிகக் குறைவாகவே விற்றது. காலம் அதற்குத் தயாராக இல்லை.

பிறகு வந்தவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். கணக்கு வேலை பார்த்து, பிறகு ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். வேடிக்கை என்னவென்றால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தன் கைக்கு எது சுகம் என்று யோசிக்கவே வழியில்லை. வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்துவார். 1951இல் அவர் வெளியிட்டதுதான் பிரிசிஷன் பேஸ். பிரிசிஷன் என்றால் துல்லியம். ஃப்ரெட் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி சரியாக நிற்கும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொன்னது. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு இதுதான் அளவு.

அந்த ஃப்ரெட்டால் நடந்த பெரிய மாற்றம் இன்னொன்று. கிட்டார் தெரிந்த எவரும் இனி பேஸை எடுத்து வாசிக்கலாம். அதாவது, அடுத்தவர் கைக்குச் சட்டென்று போகக்கூடிய வாத்தியமாகவே அது பிறந்தது.

வரலாறும் அப்படியே நடந்தது. 1957இல் எல்விஸ் பிரெஸ்லியின் ஒலிப்பதிவு ஒன்று. அவருடைய பேஸ் கலைஞர் பில் பிளாக் டபுள் பேஸில் ஊறியவர், மின் பேஸுக்குப் புதியவர். ஒரு பாட்டின் தொடக்கம் எத்தனை முறை முயன்றும் சரியாக வரவில்லை. கோபத்தில் அதைத் தரையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார் என்றும், எல்விஸே அதை எடுத்து வாசித்தார் என்றும் சொல்கிறார்கள். 1963இல் ஹாலிவுட்டில் ஒரு பதிவுக்குப் பேஸ் கலைஞர் வரவில்லை. கிட்டார் கலைஞராக இருந்த கேரல் கே என்ற பெண்மணி அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு அமெரிக்கத் திரை, பாப் இசையின் மிக முக்கியமான பேஸ் கலைஞர்களில் ஒருவரானார்.

நம் கேள்விக்கு நேராக வரும் கதை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்தது. பீட்டில்ஸ் குழுவில் அப்போது பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். உள்ளத்தில் அவர் ஓவியர். 1961இல் ஓவியம் படிக்கப் போவதற்காகக் குழுவை விட்டு விலகினார். தன் ஹாஃப்னர் பேஸைப் பால் மெக்கார்ட்னிக்கு இரவல் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. கம்பிகளை இடம் மாற்றக் கூடாது. மெக்கார்ட்னி இடதுகைக்காரர். வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்தால் தடித்த கம்பி கீழேயும் மெல்லிய கம்பி மேலேயும் வரும். அப்படியே தலைகீழாகத்தான் வாசித்தார் என்கிறார்கள்.

பிறகு அதே ஊரில் ஏறக்குறைய 30 பவுண்டுக்குத் தனக்கென்று ஒரு ஹாஃப்னர் வாங்கினார். வயலின் வடிவம். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடது கையில் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சட்கிளிஃப் 1962 ஏப்ரலில், 21 வயதிலேயே இறந்துபோனார். நண்பர்களின் உலகப் புகழை அவர் பார்க்கவில்லை. இரவல் கொடுத்தவரின் நிபந்தனை சிறியதுதான். திரும்பி வரும்போது அது தன்னுடைய வாத்தியமாகவே இருக்க வேண்டும் என்ற ஆசை.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே சுட்டுவிரலால் மீட்டுவார். 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் ஒன்று அவரிடம் இருந்தது. கம்பிகள் தடிமனானவை, பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்பவை. அறுந்தாலொழிய கம்பி மாற்ற மாட்டார். பிறருக்கு அதை அழுத்துவதே கஷ்டம். டபுள் பேஸில் பழகிய அவர் கைக்கு அதுதான் சுகம். எந்தக் கடைக்காரரிடம் கொடுத்தாலும் "பழுது" என்று சொல்லி உயரத்தைக் குறைத்திருப்பார். அந்தப் பாடல்களின் ஒலியும் அதோடு போயிருக்கும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஃபெண்டர் எதற்காக இந்த வாத்தியத்தைச் செய்தாரோ, அந்த ஃப்ரெட்களே நீக்கப்பட்ட பேஸில் வாசித்து 1976இல் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

ஆகவே "சரியான" அமைப்பு என்று ஒன்று கிடையாது. ஒருவர் கைக்குச் சரியானது என்பதுதான் உண்டு.

இனி அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சுருதி கூட்டு. தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70, 80 கிலோ எடைக்கு இணையாகக் கழுத்தை இழுக்கின்றன. சுருதி கூட்டாமல் வேறு எதை அளந்தாலும் தவறாகவே வரும்.

அடுத்து கழுத்தின் வளைவைப் பார். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். அது அதிகமானால் கம்பி உயர்ந்து நிற்கும். துளியும் இல்லையென்றால் கம்பி ஃப்ரெட்டில் மோதி இரையும்.

மூன்றாவது, கம்பியின் உயரம். 12ஆவது ஃப்ரெட்டில் 2 முதல் 3 மில்லிமீட்டர் என்பது வழக்கம். பேஸ் கம்பி அகலமாக ஆடுவதால் சாதாரணக் கிட்டாரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

நான்காவது, 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அதற்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் சுரமும், அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறினால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கினால் முன்னால். வீணையில் மெழுகை இளக்கி மெட்டுகளையே நகர்த்தி மேளம் கட்டலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறைந்தது, நகராது. அதனால் கம்பியின் முனையை நகர்த்துகிறார்கள். 1951இன் முதல் பிரிசிஷனில் நான்கு கம்பிக்கும் சேர்த்து இரண்டே சேடில்கள். துல்லியம் என்று பெயர் வைத்த வாத்தியத்துக்கு ஒரு கம்பிக்கு ஒரு சேடில் வர 1957 ஆயிற்று.

இவற்றில் பார்ப்பது எல்லாமே உன் உரிமை. மாற்றுவதுதான் வேறு. சுருதி கூட்டலாம். சேடில் உயரத்தை, உரியவளிடம் கேட்டு, முதலில் இருந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, குறைக்கலாம். திருப்பித் தரும்போது பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். கழுத்துக்குள் இருக்கும் கம்பியின் திருகைத் தொடாதே. பழைய கம்பி அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி எறியாதே, அந்த மங்கிய ஒலிக்காகவே அவள் அதை வைத்திருக்கலாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கும்முன் வீட்டுக்காரரைக் கேட்பதில்லையா, அது போலத்தான்.

மேலும் ஒன்று. இரண்டு வாரம் மாற்றாமலே வாசித்துப் பார். உன் கைக்கு எது வேண்டும் என்பது, அடுத்தவர் கைக்குச் செய்ததை வாசிக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். நாளை நீ சொந்தமாக ஒன்று வாங்கும்போது அந்த அறிவு கூடவே வரும்.

பதிவு நீண்டுவிட்டது. உங்களில் யாராவது இரவல் வாத்தியத்தில் கற்றவர்கள் இருந்தால், அதைக் கொடுத்தவரைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.