ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி

கொழும்புக் கோட்டையில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரையோடு தாழ்வாக நீண்டு கிடக்கும் ஒரு கட்டடத்தை வாசகர் பலரும் பார்த்திருப்பீர்கள். பெயர் ‘டச்சு ஹொஸ்பிடல்’. உள்ளே நோயாளியும் இல்லை, டொக்டரும் இல்லை. 2011 டிசம்பரிலிருந்து அங்கே இருப்பவை சாப்பாட்டுக் கடைகளும் சாமான் கடைகளுந்தான். நண்டுக்கென்றே ஓர் உணவகம். அதன் பங்காளிகள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும். எங்கட வரிப்பத்தான்சேனைப் புள்ளைகளுக்கு அந்த இரண்டு பெயரும் போதும், வரலாற்றுப் பாடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1681இல் அங்கே ஆஸ்பத்திரி இருந்ததற்குப் பயணக்குறிப்புச் சான்று உண்டு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தருக்காக நடத்தியது. துறைமுகம் கிட்ட என்பதால் கப்பலில் நோயோடு வந்திறங்குபவர்களைக் கொண்டுவரவும் வசதி. ஐந்து கட்டுகள், இரண்டு முற்றங்கள், அரை மீற்றர் அளவு தடித்த சுவர்கள், தேக்கு உத்திரங்கள். வெக்கைக்கு இதைவிடத் தோதான அமைப்பு வேறில்லை. கண்ணாடியால் மாடி எழுப்புகிறவர்கள் ஒருக்கா போய் அந்த விறாந்தையில் நின்று பார்க்கலாம்.

ஆனால் அது நமக்காகக் கட்டப்பட்டதல்ல. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வாங்க ஒல்லாந்தர் தடை போட்டிருந்தார்கள். ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையையும் சுமத்தினார்கள். இரண்டும் பிரித்தானியர் காலத்தில்தான் நீங்கின. போர்த்துக்கேயர் 1626இல் விரட்டியவர்களில் 4000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று படித்து வளர்ந்த கிழக்கு முஸ்லிம்களுக்கு, கோட்டைக்கு வெளியே நிறுத்தப்படுவதென்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இன்று அதே முற்றத்துக்குள் யாரும் சும்மா நடந்து போகலாம். கடையாக்கியதால் வந்த நன்மை அது, அதை மறுக்க மாட்டேன்.

வியாபாரமும் அந்தச் சுவர்களுக்குப் புதிதல்ல. முன்னர் கொழும்பு அப்போதிக்கரீஸ் கம்பனி அங்கே இருந்தது. பிறகு கோட்டைப் பொலிஸ் நிலையம் வந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 90க்கு மேற்பட்டோர் மாண்ட அன்று இந்தக் கட்டடமும் சேதமடைந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை அதைத் திருத்தி எடுத்தது. கடைகளை வைத்தே பராமரிக்கலாம் என்ற கணக்கு இல்லாவிட்டால் கூரை எப்பவோ விழுந்திருக்கும்.

என்ட மனத்தாங்கல் வேறு. ‘டச்சு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பொலிஸ் நிலையமாக இருந்த காலம் அந்தப் பெயருக்குள் இல்லை. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு தமிழ் பேசுகிறவன் கோட்டைத் தெருக்களில் நடந்த காலம் அது. ஒல்லாந்தரைப் பற்றி ஒல்லாந்தரே எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தை எழுத வேண்டியவர்கள் நாம். அப்போது கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்ற நம்மட பகுதி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டு பதினொன்று மாணவர்களுக்கு இம்முறை நான் கொடுத்திருக்கும் ஒப்படை, அவர்களில் ஒருவரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வருவது.