வாளியோடு வந்தவர்கள்

கடலில் கப்பல் எண்ணெய் கொட்டிவிட்டது. என்ன செய்வீர்கள்?

சிரிக்காதீர்கள். 1967-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கே இதற்கு விடை தெரியவில்லை. அந்த வருஷம் மார்ச் 18-ம் தேதி, டாரி கேன்யன் என்கிற கப்பல் சுமார் 1,20,000 டன் குவைத் கச்சா எண்ணெயோடு வந்துகொண்டிருந்தது. சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று கேப்டன் குறுக்கு வழி பிடித்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பக்கத்தில் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது கப்பல்.

விமானப் படையை அனுப்பி, அதன் மேல் குண்டு போட்டார்கள். எண்ணெயைக் கொளுத்திவிடலாமாம்! கொஞ்சம் எரிந்தது. அதற்குள் கரைக்குப் போகவேண்டியது போய்ச் சேர்ந்திருந்தது.

கரையில் அடுத்த கூத்து. சுமார் 10,000 டன் டிடர்ஜென்ட்டைக் கொட்டிக் கழுவினார்கள். எண்ணெய் கரைந்ததோ இல்லையோ, நத்தையும் சிப்பியும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு ஆராய்ந்தால், சோப்புப் படாத பாறைகள் இரண்டு மூன்று வருஷத்தில் தேறிவிட்டன. நன்றாகக் கழுவிய பாறைகளுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆனது.

ஆக, முதல் பாடம். நல்ல மனசு மட்டும் போதாது. வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, தென்கொரியா. 2007 டிசம்பர் 7. டேயான் கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது ஹெபெய் ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பல். கேப்டனும் தலைமை அதிகாரியும் நம்ம இந்தியர்கள். இழுவைப் படகின் கயிறு அறுந்து, ஒரு பெரிய கிரேன் மிதவை வந்து மோதியது. 10,000 டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கடலில்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்பவே முடியாது. பழைய துணி, வாளி, கரண்டி என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். மாணவர்கள், இல்லத்தரசிகள், ஆபீஸ்காரர்கள். மொத்தம் 12 லட்சம் பேருக்கு மேல்! ஒவ்வொரு கூழாங்கல்லாக எடுத்துத் துடைத்தார்கள். அந்த ஆவணங்கள் 2022-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தன.

பெருமைதான். ஆனால் வரவு எழுதினால் செலவும் எழுதியாக வேண்டும். பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி போகாது. துடைக்க வந்தவர்களைப் பிறகு டாக்டர்கள் பரிசோதித்தார்கள். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், தோல் அரிப்பு. அதிக நாள் வேலை செய்தவர்களுக்கும், சரியான முகமூடி, கையுறை போடாதவர்களுக்கும் தொல்லை அதிகம். புது எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவியில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் தரக்கூடிய சமாச்சாரம்.

இப்போது நம்ம ஊர். 2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பே இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. கடலுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. எர்ணாவூர் கரையில் தார் மாதிரி கறுப்புக் குழம்பு வந்து குவிந்தது.

சாக்கடை உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். ம்ஹூம். கனமான எண்ணெய் கடல்நீரோடு கலந்தால் கெட்டியான கூழாகிவிடும். அளவும் மூன்று நான்கு மடங்கு ஊதிப்போகும். குப்பை வேறு கலந்து குழாயை அடைத்தது. கடைசியில் ஜெயித்தது பிளாஸ்டிக் வாளிதான். மீனவர்கள், மாணவர்கள், தீயணைப்புக்காரர்கள், கடலோரக் காவல்படையினர் என எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றி அள்ளினார்கள். பலர் கையில் உறை கிடையாது.

கற்றுக்கொண்டோமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. திரும்பவும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து வாளியிலும் மக்கிலும் மொண்டார்கள்.

சென்னைக் கதை எதற்கு, நம்ம புதுக்கோட்டைக்கும் இதற்கும் என்ன என்கிறீர்களா? இருக்கிறது.

புதுக்கோட்டை என்றதும் பலருக்குக் குடைவரைக் கோயிலும் சமஸ்தானமும்தான் ஞாபகம் வரும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை அந்த மாவட்டத்துக்கு இருக்கிறது. எதிரே பாக் விரிகுடா. ஆழம் குறைந்த, அலை குறைந்த கடல். தரையெல்லாம் கடல்புல். அதை மேய்வதற்குக் கடல்பசு. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் காப்பகம் இதுதான்.

ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. நிம்மதி? முழுசாக இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கடலில் கலந்தது. அதுவும் வடக்கேதான் இருக்கிறது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரியைத் தாண்டித் தனுஷ்கோடி வரை வந்தன. கடலுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

பாறையில் ஒட்டிய எண்ணெயை அலை அடித்தாவது கழுவும். அலையில்லாத சேற்றிலும் புல்லிலும் எண்ணெய் இறங்கினால் வருஷக்கணக்கில் கிடக்கும். புல் போனால் இறால் குஞ்சு போச்சு, நண்டு போச்சு. கரைவலைக்காரர் வீட்டு அடுப்பும் அணைஞ்சு போச்சு.

1996 முதல் நம் நாட்டில் எண்ணெய்க் கசிவுக்கென்று தேசியத் திட்டம் இருக்கிறது. கடலுக்குள் நடப்பதைக் கடலோரக் காவல்படை பார்த்துக்கொள்ளும். கரைக்கு வந்துவிட்டால்? அது மாநில நிர்வாகத்தின் தலையில். அதாவது கலெக்டர், தாசில்தார், அப்புறம் அந்தக் கிராமத்து ஜனங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டபோதும் விழுந்த மரத்தை முதலில் அறுத்து ஒதுக்கியது பல இடங்களில் உள்ளூர் இளைஞர்கள்தான். எண்ணெய் வந்தாலும் முதலில் கரைக்கு ஓடப்போவது அவர்களேதான். அதைத் தடுக்க முடியாது. பயிற்சி கொடுக்க முடியும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எண்ணெய் வருகிறது என்று தெரிந்ததும் கரையிலிருக்கும் குப்பையை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். எண்ணெய்க் குப்பை குறையும். வாடை தணியும்வரை, ஆவி அளந்து சொல்லும்வரை கிட்டே போகக்கூடாது. கையுறை, பூட்ஸ், முகமூடி கட்டாயம். எண்ணெயை மட்டும் வழிக்கணும், மணலை வாரக்கூடாது. அள்ளிய மூட்டையை அலை எட்டாத மேட்டில் வைக்கணும். கடல்புல்லிலும் சேற்றிலும் கால் வைக்கவே கூடாது. மிதித்தால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போகும். எத்தனை மூட்டை, யார் எத்தனை மணி நேரம் என்று ஒருத்தர் நோட்டுப் போட்டு எழுதணும். நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

இரண்டு நாள் வகுப்பு. வருஷத்துக்கு ஒரு ஒத்திகை. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு பீரோ நிறைய கையுறையும் முகமூடியும். செலவுக் கணக்கு இவ்வளவுதான்.

வலையில் சிக்கிய கடல்பசுவை, வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்து விட்டவர்கள் இந்தக் கரை மீனவர்கள். அவர்களிடம் மனசு இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம். எண்ணெய் வந்தால் வாளியோடு வந்து நிற்பார்கள்.

அந்தக் கைக்கு ஓர் உறையைத் தயாராக வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.