இடிப்பதற்கு முன் ஆராய்தல்: தமிழக நகரமைப்பில் பேட்ரிக் கெடிஸின் வழியும் அதன் பின்வரலாறும்

நல்ல நகரமைப்பு என்றதும் அகலமான சாலைகளும் உயர்ந்த கட்டடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நெருக்கமான தெருக்களைக் கண்டால் அவற்றை அகற்றிவிட வேண்டும் என்பதே நிர்வாகத்தின் முதல் எண்ணமாக இருக்கிறது. நம் நாட்டில் இந்த எண்ணம் பிளேக் நோயின் அச்சத்தில் வலுப்பெற்றது. 1896-இல் பம்பாயில் அந்நோய் பரவியதும், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று அமைக்கப்பட்டு, நெரிசலான குடியிருப்புகளின் ஊடே அகலச் சாலைகள் வெட்டப்பட்டன. வீடிழந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. பிழைப்பு அங்கேயே இருந்ததால் பக்கத்துத் தெருக்களில் ஒண்டினார்கள். நெரிசல் இடம்பெயர்ந்ததே தவிரக் குறையவில்லை. இந்தப் போக்குக்கு மாறான ஒரு முறை 1915-இல் தஞ்சாவூரில் முன்வைக்கப்பட்டது. குடியிருப்போரின் அன்றாட வாழ்வை முதலில் ஆராய்ந்து, தேவையான அளவு மட்டுமே மாற்றுவது அதன் அடிப்படை. அதற்குப் பிந்தைய நூறாண்டு வரலாறு அம்முறையின் பக்கமே சான்று சொல்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அதை முன்வைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் (1854–1932). உயிரியலாளராகத் தொடங்கி நகரமைப்புக்கு வந்தவர். எடின்பரோவின் பழைய நகரில் பாழடைந்த குடியிருப்புகளை அங்கேயே வாழ்ந்து சீரமைத்தவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, அதே ஆண்டு சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. தொடர்ந்து மதுரை, தஞ்சாவூர், திருச்சி, காஞ்சிபுரம், சேலம், கோவை உள்ளிட்ட ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். மருத்துவர் நோயைக் கண்டறிந்த பின்னரே கத்தியை எடுப்பதுபோல், நகரமைப்பாளரும் தெருத் தெருவாக நடந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தஞ்சாவூர் அறிக்கையில் இக்கொள்கை கணக்கோடு நிற்கிறது. நெரிசலான ஒரு பகுதியில் வீடுகளை இடித்து நேர்கோட்டுச் சாலைகள் போட அதிகாரிகள் திட்டமிட்டிருந்தார்கள். செலவு ஏறத்தாழ 30,000 ரூபாய். கெடிஸ் ஒவ்வொரு சந்திலும் நடந்து பார்த்தார். இடிந்து கிடந்த வீடுகளையும் காலி மனைகளையும் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் அகற்றினால் போதும் என்று காட்டினார். கிடைக்கும் வெளியில் காற்றும் வெளிச்சமும் வரும், மரம் நடலாம், பெண்களும் குழந்தைகளும் புழங்க இடம் கிடைக்கும். இதற்கான மதிப்பீடு ஏறத்தாழ 5,000 ரூபாய். செலவு ஆறில் ஒரு பங்கு என்பதைவிட, பெரும்பாலான குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடியும் என்பதே இதில் முக்கியம். குளங்களைப் பற்றியும் அவர் இவ்வாறே சிந்தித்தார். கொசு பெருகுகிறது என்று குளத்தைத் தூர்ப்பதைவிட, கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை அதில் விடலாம். குளம் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், ஊரையும் குளிர்விக்கும் என்பது அவர் வாதம்.

இந்தச் சிந்தனையை அரசு பாதிதான் ஏற்றது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து தெருக்களைப் பிரித்து, நடந்துபோகும் தூரத்தில் கடையும் பள்ளியும் அமையுமாறு வகுத்த அந்தப் பகுதி, வாழ உகந்த இடமாக நிலைபெற்றது. ஆனால் அது எழுந்தது மாம்பலம் ஏரியைத் தூர்த்த நிலத்தில். பூங்காவின் நிழலும் மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரும் ஒரே திட்டத்தின் இரு விளைவுகள். நீரின் போக்கைப் பார்க்காத வடிவமைப்பு, மற்றவற்றில் எவ்வளவு சிறந்திருந்தாலும் குறையுடையதே.

பின்னர் வந்த இரு வழிகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1977-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டங்களில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் போன்ற இடங்களில் சிறு மனைகளும் குடிநீர், கழிப்பிட வசதிகளும் தரப்பட்டன. வீட்டை மக்களே தம் வசதிக்கேற்பப் படிப்படியாகக் கட்டிக்கொண்டார்கள். பல வருவாய்ப் பிரிவினருக்கும் ஒரே பகுதியில் மனை ஒதுக்கப்பட்டது. இன்று அவை நகரத்தின் இயல்பான பகுதிகள். மாறாக, 2000-க்குப் பின் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்ககங்கள் கட்டி, நகருக்குள்ளிருந்து அகற்றியவர்களைக் குடியேற்றினார்கள். சுவர் உறுதியாக இருந்தது. வேலை வெகு தொலைவில் இருந்தது. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பலர் வேலையிழந்தார்கள், பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. வீடு கிடைத்தும் வாழ்வு குலைந்தது.

இதற்குச் சில மறுப்புகள் உண்டு. குறுகிய சந்தில் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கெடிஸ் அகலப்படுத்துவதையே எதிர்த்தவர் அல்லர். எங்கே, எவ்வளவு என்பதை ஆய்வு முடிவு செய்யட்டும் என்றார். இன்றைய மக்கள்தொகைக்குச் சிறு திருத்தங்கள் போதா என்பது அடுத்த மறுப்பு. முகப்பேர் அதற்கு விடை: பெரிய அளவிலும் மக்களின் கைக்கு இடம்விட்டுத் திட்டமிடலாம். இவற்றைவிடக் கனமானது மூன்றாவது. பழைய தெருக்கள் சாதி வாரியாகப் பிரிந்தவை. அவற்றைப் பேணுவது அந்தப் பிரிவினையையும் பேணுவதாகாதா? இதற்குக் கெடிஸின் முறை மட்டும் முழு விடை ஆகாது. குளத்தையும் கிணற்றையும் தெருவையும் யார் பயன்படுத்த முடிகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதையும் ஆய்வு கேட்டாக வேண்டும். ஆனால் இடிப்பும் சாதியை ஒழிக்கவில்லை. பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் தலித் குடும்பங்களே மிகுதி. நகருக்குள் இருந்த ஒதுக்கம் நகருக்கு வெளியே சென்றது, அவ்வளவுதான்.

2019 நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதை விரிவாக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. வாகனங்களுக்கு இடம் குறையும் என்ற கவலையை மீறி, முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கவும் உட்காரவும் அங்கே இடம் கிடைத்தது. இருக்கும் தெருவைப் பயன்படுத்துவோரின் கண்கொண்டு திருத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது அண்மைச் சான்று. இந்த அக்கறை வணிக வீதியோடு நின்றுவிடக் கூடாது. ஆற்றங்கரையிலும் சேரியிலும் வாழ்பவர்களின் தெருவுக்கும் அது உரியது. எந்த நகராட்சியும் இடிப்பு ஆணையில் கையெழுத்திடும் முன், அங்கே யார் வாழ்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், நீர் எவ்வழி ஓடுகிறது, எந்தச் சுவரை விட்டுவைக்கலாம் என்பதை வீடுவீடாக ஆராய்ந்து மக்கள்முன் வெளியிட வேண்டும். அதைச் சட்டக் கடமையாக்குவதே நம் நகரங்களுக்கு இன்று உடனடித் தேவை.