நொடிக்கு எத்தனை படம்?

ஆண்டு விழாக்களின் பழைய நாடாக்களையும் இந்நாளைய கைப்பேசிப் பதிவுகளையும் கணினியில் ஒருங்கே தொகுக்க முற்படுவோர் விரைவிலேயே ஓர் இடையூற்றைக் காண்பர். பாடுபவரின் வாயசைவு ஒருபுறமும் பாட்டு ஒருபுறமுமாகப் பிரியும். ஆடுபவரின் கைவிரல்கள் சீப்பின் பற்களைப் போலச் சிதறித் தோன்றும். மென்பொருளின் மேற் பழி சுமத்துதல் எளிது. ஆயினும் இக்குறையின் வேர் கணினிக்கும் முற்பட்டது.

ஊமைப்படக் காலத்தில் கருவியைக் கையாற் சுழற்றினர். நொடிக்குப் பதினாறோ இருபதோ, கை சென்ற வேகத்திற்கேற்பப் படங்கள் பதிவாயின. (எடிட்டர்கள் 'பிரேம்' என்பதையே ஈண்டுப் படம் என்கிறோம்.) 1920-களின் இறுதியில் பேசும்படம் வந்தது. ஒலி இத்தகைய ஏற்றத்தாழ்வைப் பொறுக்காதாகலின், 24 என்னும் எண் நிலைபெற்றது.

தொலைக்காட்சியின் வேகத்தை வகுத்ததோ மின்சாரம். நொடிக்கு 50 சுழற்சி மின்சாரம் வழங்கிய பிரிட்டனில் 1936-இல் தொடங்கிய ஒளிபரப்பு 25 படங்களையும், 60 சுழற்சி கொண்ட அமெரிக்கா 30 படங்களையும் மேற்கொண்டன. ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக அனுப்பப்பட்டது. 25 பட முறையில் இரு பாதிகட்கும் இடையே ஐம்பதில் ஒரு பங்கு நொடி கழிகிறது. பழைய குழாய்ப் பெட்டியில் கண் இதனை உணர்வதில்லை. கணினித் திரையில் இரண்டையும் ஒருசேரக் காட்டினால் மேற்சொன்ன சீப்புப் பற்கள் வெளிப்படும்.

1953-இல் அமெரிக்கா வண்ண ஒளிபரப்பிற்கு இசைவளித்தபோது இன்னொரு சிக்கல் நேர்ந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டிகளையும் கைவிடலாகாது. வண்ண அலையும் ஒலி அலையும் மோதிப் படத்தைக் கெடுத்தலுமாகாது. ஆகவே வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்களவு குறைத்தனர். 30 என்பது 29.97 ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் 108 படங்கள், அதாவது 3.6 நொடி வேறுபாடு! அன்றைய பெட்டிகள் மறைந்தும் அந்த எண் மறையவில்லை.

தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணம் வந்தது. மேற்கு ஜெர்மனியின் வால்டர் புரூக் வகுத்த 'பால்' முறையை, 25 படக் கணக்குடன், இந்தியா ஏற்றது. அமெரிக்கா சென்ற மக்கள் அனுப்பிய நாடாக்கள் இங்குள்ள சாதாரணக் கருவிகளில் ஒழுங்காக ஓடாமையால், பேரக் குழந்தையின் பிறந்தநாளைக் காண இயலாது ஏங்கிய முதியோர் பலர்.

பால் முறை நாடுகளில் 24 படத் திரைப்படத்தை 25 ஆக விரைந்து ஓட்டுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். அதனினும் பெரிது, சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடுவது. அவ்வாறு பதிவான பாட்டைக் கேட்டுப் பாடகரின் குரலை மதிப்பிடுவது அவருக்குச் செய்யும் அநீதி என்போம். 24-க்கு மீண்டும் தணித்தால் காலமும் சுருதியும் ஒருங்கே மீளும்.

கைப்பேசியின் கதை ஊமைப்படக் காலத்தை நினைவூட்டுகிறது. அரங்கில் ஒளி மங்கினால் பல கருவிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. தொகுப்பு மென்பொருளோ வேகம் மாறாதென்று நம்பிக் கணக்கிடுவதால், ஒலி நழுவுகிறது. 'ஹாண்ட்பிரேக்' போன்ற இலவச மென்பொருளால் முதலில் மாறா வேகத்திற்கு ஒரு படியெடுத்து, அப்படியையே தொகுப்பிற் பயன்படுத்தல் வேண்டும், மூலத்தை அழித்தலாகாது. பழைய நாடாவின் இரு பாதிகளையும் 50 தனிப்படங்களாகப் பிரித்தல் நலம். 25 ஆகச் சுருக்கினால் பரதத்தின் விரைந்த அடவுகள் பாதி அசைவை இழக்கும்.

வி.எச்.எஸ். நாடாக் கருவிகளின் உற்பத்தியை ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியது. அதுவே எஞ்சியிருந்த இறுதி உற்பத்தியாளர். ஓடும் நிலையிலுள்ள கருவி எவர் இல்லத்திலேனும் இருப்பின், அலமாரியிலுள்ள நாடாக்களை அதற்குள் கணினிக்கு மாற்றிவிடுதல் வேண்டும்.