சிலேட்டிலிருந்து திறன் பலகை வரை: எமது ஆரம்பப் பிரிவின் பலகைக் கதை

நூற்றாண்டு மலருக்குப் பாடசாலை வரலாறு எழுதுவோர் அதிபர்களின் பெயர் வரிசையில் தொடங்குவது வழக்கம். அந்த வரிசை இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளது. நாம் எழுத வந்தது ஆரம்பப் பிரிவின் பலகையைப் பற்றி. இலண்டனிலும் டொரண்டோவிலும் சென்னையிலும் கொழும்பிலும், இன்னும் நானுஓயாவிலேயேயும் இருக்கும் பழைய மாணவியர் நாம், சங்கத்தின் நூற்றாண்டு நினைவாகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குத் திறன் பலகை ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த மலைக்குப் பலகைகள் எப்படி ஏறி வந்தன, வந்த பின் யார் கையில் இருந்தன என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறிய பாதை சில ஆண்டுகள் இங்கேயே முடிந்து நின்றது; பண்டாரவளையைத் தொட்டது 1894இல்தான். தேயிலை கீழே போயிற்று, அரிசி மேலே வந்தது. பாடசாலை அவ்வளவு வேகமாக ஏறி வரவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க ஏற்பாடு செய்வது துரையின் பொறுப்பு என்றது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஆனால் நடைமுறையில் பாடசாலை என்றால் ஓர் அறை, ஓர் ஆசிரியர். சில தோட்டங்களில் பிள்ளை மடுவத்தின் ஒரு மூலைதான் பாடசாலை. பெரட்டுக்குப் போகும் வயது வரும்வரை பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். அதற்குள் எழுதப் படிக்கப் பழகினால் அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்துப் பிள்ளை எழுதியது முதலில் மணலில், பிறகு சிலேட்டில். எமது பாட்டிமார் சிலேட்டைப் பற்றிச் சொல்லும்போது எச்சில் தொட்டு அழித்ததையும் குச்சியைத் தின்றதையும்தான் சொல்வார்கள். (வைத்தியம் படித்த பிறகு அதைக் கேட்டு எமக்கு முகம் சுளிக்கும்; அது வேறு கதை.) ஆனாலும் சிலேட்டில் ஒரு சிறப்பு இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு பலகை. பிள்ளையே எழுதும், பிள்ளையே அழிக்கும், பிழைத்தால் திரும்ப எழுதும். வாத்தியார் ஒரு சுற்று நடந்தால் யாருக்கு ‘ழ’ வரவில்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஊடாடும் பலகை என்று இன்று விலை கொடுத்து வாங்கப் பார்ப்பதில் பாதி அந்த உடைந்த மூலைச் சிலேட்டில் இருந்தது.

பெரிய கரும்பலகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பொருள். எடின்பரோவில் ஜேம்ஸ் பில்லன்ஸ் என்ற ஆசிரியர் புவியியல் படிப்பிக்க அதைப் பயன்படுத்தியதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் அறுபது பேருக்கு ஒரு விடயத்தைக் காட்ட அதைவிட மலிவான கருவி இல்லை. ஆனால் அது வந்ததும் எழுதும் கை மாறியது. வெண்கட்டி ஆசிரியரிடம் போயிற்று. பிள்ளை பார்த்து எழுதுபவளாக ஆனாள்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. இடையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எமது மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகே, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களின் நடுவில் சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு புதிய கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர் யுவதிகளே ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். இந்தக் கட்டுரையை எழுதும் எமது வயதுக்காரர் பாடசாலைக்குள் காலடி வைத்தது அப்போதுதான்.

அக்காலத்து மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். இடைச்சுவர் கிடையாது. மரக் கால்களில் நின்ற கரும்பலகைதான் சுவர். அதன் முன்பக்கம் எமக்குப் பெருக்கல் வாய்ப்பாடு, பின்பக்கம் இரண்டாம் வகுப்பின் பாட்டு. பலகை வெளிறிவிட்டால் பழைய டோர்ச் பற்றரியை உடைத்து உள்ளே இருக்கும் கரியை எடுத்து, இலைச்சாற்றில் குழைத்துப் பூசுவோம். வெள்ளிக்கிழமை அந்த வேலை யாருக்கு என்பதில் சண்டை வரும், ஏனென்றால் பலகையைத் தொட வேறு வழி இல்லை. மூடுபனி உள்ளே வந்துவிட்டால் மூன்றாம் வரிசைக்கு எழுத்துத் தெரியாது. பனி இல்லாத நாளிலும் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். பின் வாங்கில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியவர்கள் “மக்குகள்” என்ற பெயரோடு கொழுந்து பறிக்கப் போனார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கிட்டப்பார்வை இருந்திருக்கும் என்று இன்று வைத்தியராக யோசிக்கும்போது மனம் கனக்கிறது. தரம் 1, 4, 7, 10 என்று நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் ஆறு மீற்றருக்கு அப்பால் ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வகுப்பறைக்குக் கொண்டுவரக்கூடிய மிக மலிவான ‘காட்சித் தொழில்நுட்பம்’ ஒரு சோடிக் கண்ணாடிதான் என்பது எமது கட்சி.

1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் அலைபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, பீதுருதாலகால உச்சியில். நாட்டின் பிற பகுதிகளுக்குப் படம் போனது எமது தலைக்கு மேலிருந்து. கீழே லயங்களில் குப்பி விளக்கு. பல லயங்களுக்கு மின்சாரம் வந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. கார் பற்றரியில் தொலைக்காட்சி பார்த்த வீட்டு வாசலில் நின்ற நினைவு எம்மில் பலருக்கு இருக்கும்.

உண்மையான மாற்றம் 1990களில் வந்தது. அது பெட்டியில் வரவில்லை. பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்தது. மலையகப் பிள்ளைகளுக்கு மலையகத்திலேயே ஆசிரியப் பயிற்சி கிடைத்தது. தொடர்ந்து 1998இல் கம்பஹாவில் ஆரம்பித்து 1999இல் நாடு முழுவதும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சின்ன வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றும் கலக்க வேண்டும் என்றது. விதைகளை எண்ணவும் களிமண்ணில் எழுத்துச் செய்யவும் வெண்கட்டியைப் பிள்ளையிடம் கொடுக்கவும் தெரிந்த டீச்சர்மார் வந்தார்கள். சிலேட்டோடு போன கை திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

கணனி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூட்டிய அறை, தூசு படாமல் துணி மூடிய திரைகள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போதல். சாதாரண தரத்துப் பிள்ளைகளுக்கே வாரத்தில் ஒரு பாடவேளை. ஆரம்பப் பிரிவுக்கு யன்னலால் எட்டிப் பார்ப்பதுதான்.

இதே காலத்தில் வெளியுலகில் ஊடாடு வெண்பலகை பரவியது. கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் அதை 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்து அரசு 2003, 04இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கு இப்பலகை வாங்க ஒரு கோடி பவுண் ஒதுக்கியது. பின்னர் வந்த மதிப்பீடுகள் எமக்குப் பயனுள்ளவை. இலண்டனின் இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான அறிக்கை, பலகை வந்ததால் மட்டும் பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்ததாகக் காணவில்லை. ஆரம்பப் பாடசாலைகளைப் பற்றிய மற்றோர் ஆய்வில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது பிள்ளைகள் அப்பலகையோடு நீண்ட காலம் படித்த வகுப்புகளில், ஆசிரியர் கைக்கு அது வெண்கட்டி போலப் பழகிய பிறகு. பணக்கார நாட்டுக்கே இரண்டு வருடம் எடுத்தது.

எமது பிள்ளைகளுக்கு இணையவழிக் கல்வி அறிமுகமானது பலகை வழியாக அல்ல, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது, வீட்டிலிருந்த கையடக்கத் தொலைபேசி வழியாக. எல்லாம் ‘இலவசம்’. வட்ஸ்அப் இலவசம், யூடியூப் இலவசம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இலவசம், சூம் நாற்பது நிமிடம் இலவசம். ஆனால் டேட்டாவுக்கு ரீலோட் போட வேண்டும். ஒரு வாரத்து ரீலோட் கொழுந்துச் சம்பளத்தில் எத்தனை கிலோ என்று அம்மாவுக்குத் தெரியும். பல வீடுகளில் இருந்த ஒரே நல்ல போன் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடம். இருந்தாலும் முதலில் சாதாரண தரம் எழுதும் அண்ணனுக்கு, பிறகு புலமைப்பரிசில் எழுதும் தம்பிக்கு; தரம் இரண்டில் படிக்கும் தங்கச்சியின் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. சிக்னலுக்காகப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் பாறை மேல் உட்கார்ந்து படித்த படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு மாலை மங்கிய பின் மலையேற அனுமதியும் இல்லை.

இன்னொரு தடை பலருக்குத் தெரியாது. எமது ஆசிரியர்களின் வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. போனில் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். ஆகவே டீச்சர்மார் தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, திரும்பப் படம் பிடித்து அனுப்பும். கரும்பலகையின் மூன்றாம் வரிசை உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது. அந்த மாதங்களில் டேட்டாவுக்குச் சொந்தக் காசு போட்டு, இரவு பத்து மணி வரை குரல் பதிவில் வாசித்துக் காட்டிய ஆசிரியர்களை இம்மலர் நன்றியோடு குறித்து வைக்க வேண்டும்.

இப்போது வெளிநாட்டு உதவிகளோடு திறன் வகுப்பறைகள் நாட்டின் பல பாடசாலைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. ஆகவே எமது சங்கம் வாங்குவதா இல்லையா என்பதைவிட, எப்படி வாங்குவது என்பதே பேச வேண்டியது. எமது எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பலகைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே பிரித்து, இரண்டு வருடத்துக்கு ஆசிரியர் பயிற்சிக்கும் இணையக் கட்டணத்துக்கும் பழுது பார்ப்பதற்கும் வைக்க வேண்டும். மழையும் இடியும் உள்ள ஊரில் மின்பாதுகாப்புக் கருவி இல்லாமல் திரையைப் பொருத்தக் கூடாது. இணையம் இல்லாத நாளிலும் ஓடக்கூடிய, தமிழில் கிடைக்கும் இலவசச் செயலிகளை முதலில் பழக வேண்டும்: எண், எழுத்து விளையாட்டுகளுக்கு ஜீகொம்பிரி, படம் வரைய டக்ஸ் பெயின்ட். இரண்டையும் ஒரு தடவை பதிவிறக்கினால் போதும், ரீலோட் தேவையில்லை. டொரண்டோவிலும் இலண்டனிலும் ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமது சகோதரிகள் பணத்தோடு மாதம் ஒரு மணிநேரமும் தரலாம். எமது டீச்சர்மாரோடு சேர்ந்து ஒரு பாடம் தயாரிக்கலாம், பாமினியில் கிடக்கும் பழைய தாள்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன விடயம். இத்திரைகளைப் பெரியவர்களின் கண் மட்டத்தில்தான் மாட்டுகிறார்கள். தரம் 1 பிள்ளையின் உயரம் நூற்றுப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு. கையை உயர்த்தினாலும் திரையின் கீழ்ப் பாதிக்கு மேல் எட்டாது. பொருத்த வருபவரிடம் தாழ்வாக மாட்டச் சொல்ல வேண்டும். முடியாது என்றால், செலவுப் பட்டியலில் தச்சருக்கு ஒரு வரி சேருங்கள்: மூன்று பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய, வழுக்காத படிப்பலகை ஒன்று.