புது விண்டோஸா? பழைய விளையாட்டா?

அலுவலகக் கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் கணினி வைத்திருப்பவருக்கு இயங்குதளம் மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. பழைய கோப்புகள் புதியதிலும் திறந்தால் போதும், வேலை முடிந்தது.

விளையாடுவதற்கென்றே கணினி வாங்கியவரின் கதை வேறு. ஒரு விளையாட்டு கிராபிக்ஸ் கார்டு, சவுண்டு கார்டு, நினைவகம், அவற்றின் டிரைவர்கள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கசக்கிப் பிழியும். இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் நேற்று ஓடிய விளையாட்டு இன்று ஓடாமல் போகலாம். சரி, எதையும் மாற்றாமல் இருந்துவிடலாம் என்றால், நாளை வரும் விளையாட்டு ஓடாது.

"மாற்றலாமா, வேண்டாமா?" என்ற இந்தக் கேள்வி முப்பது வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வி அதேதான். ஆனால் பதில் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

டாஸ் காலம்: மாற வைக்கக் கெஞ்சிய நிறுவனம்

1993 டிசம்பரில் டூம் வெளியானபோது அது ஓடியது டாஸில். டாஸ் எதிலும் தலையிடாது. விளையாட்டு நேரடியாக வன்பொருளோடு பேசிக்கொள்ளலாம். வேகம் கிடைத்தது அதனால்தான்.

அதற்கு விலையும் இருந்தது. சாதாரண நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கேபி மட்டும். கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளில் வரி வரியாகத் திருத்தி, சில கேபிகளை மிச்சம் பிடிக்க வேண்டும். சில விளையாட்டுகளுக்குத் தனியாக ஒரு பூட் ஃபிளாப்பியே தயார் செய்து வைத்திருப்பார்கள். சவுண்டு கார்டின் எண்களைத் தப்பாகக் கொடுத்தால் சத்தமே வராது. இவ்வளவு தொல்லை இருந்தும் யாரும் விண்டோஸ் பக்கம் போகவில்லை. விண்டோஸ் 3.1 என்றால் சீட்டாட்டமும் மைன்ஸ்வீப்பரும்தான்.

இதை மாற்ற மைக்ரோசாஃப்ட் 1994ல் விங்-ஜி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதை நம்பி டிஸ்னியின் 'லயன் கிங்' விளையாட்டு அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வந்தது. காம்பாக் பிரிசாரியோ கணினிகளின் கிராபிக்ஸ் டிரைவரோடு அது ஒத்துப்போகவில்லை. பரிசாகக் கிடைத்த விளையாட்டைப் போட்ட குழந்தைகளுக்குக் கிடைத்தது கிராஷ் மட்டும்தான்! விண்டோஸில் விளையாட்டா என்று எல்லோரும் இன்னும் பின்வாங்கினார்கள்.

1995 ஆகஸ்ட் 24ல் விண்டோஸ் 95 வந்தது. மைக்ரோசாஃப்டில் இருந்த அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் மூவரும் சேர்ந்து டைரக்ட்எக்ஸை உருவாக்கினார்கள். அதன் முதல் பதிப்பு அதே வருடம் செப்டம்பரில் வெளியானது. விண்டோஸுக்குள் இருந்துகொண்டே வன்பொருளின் வேகத்தைப் பெற ஒரு வழி கிடைத்தது. டூமை விண்டோஸுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்த குழுவை நடத்தியவர் அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த கேப் நியூவெல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று விண்டோஸ் 95ல் இருந்தது. கணினியை நிறுத்தும் இடத்திலேயே 'டாஸ் நிலையில் மீண்டும் தொடங்கு' என்ற வசதி. பிடிக்கவில்லையா? பழைய வீட்டுக்கே திரும்பிப் போகலாம். எதையும் இழக்காமல் புதியதைப் பெறலாம் என்பதால் முடிவெடுப்பது சுலபமாக இருந்தது.

எக்ஸ்பி: முதல் இழப்பு

1998ல் வந்த விண்டோஸ் 98ன் அடியிலும் டாஸ் இருந்தது. 2000ல் வந்த மில்லேனியம் பதிப்பு அந்தக் கதவை மறைத்தது. 2001 அக்டோபர் 25ல் வந்த எக்ஸ்பி அதை அடைத்தே விட்டது. எக்ஸ்பியின் அடித்தளம் என்.டி. எனப்படும் வேறு பரம்பரை. அதில் எந்த நிரலும் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது.

இதில் லாபம் பெரியது. ஒரு நிரல் மாட்டிக்கொண்டால் மொத்தக் கணினியும் சேர்ந்து படுக்கும் கொடுமை வெகுவாகக் குறைந்தது. நஷ்டமும் இருந்தது. டாஸ் விளையாட்டுகள் பலவற்றில் சத்தம் வரவில்லை. சில தொடங்கவே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 98ம் மற்றொன்றில் எக்ஸ்பியும் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியது 2002ல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். பழைய கணினி ஒன்றை முழுதாக மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் ஏற்பாடு அது. இதைச் செய்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, தன்னார்வலர்கள். புதியதைக் கொடுப்பது நிறுவனம், பழையதைக் காப்பாற்றுவது ரசிகர்கள் என்ற வழக்கம் இங்கேதான் தொடங்கியது எனலாம்.

விஸ்டா: தூண்டில் போட்ட கதை

2007 ஜனவரி 30ல் விஸ்டா கடைக்கு வந்தபோது முதல்முறையாக ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. டைரக்ட்எக்ஸ் 10 வேண்டுமா? விஸ்டா போட்டால்தான். எக்ஸ்பிக்குக் கிடையாது.

என்விடியாவின் 8800 கார்டு 2006 நவம்பரிலேயே வந்துவிட்டது. பெரும் பணம் கொடுத்து அதை வாங்கியவருக்கு, இயங்குதளத்தை மாற்றாவிட்டால் கார்டின் பாதித் திறமை தூங்கும் என்ற கவலை. மாறியவர்களுக்கோ வேறு கவலைகள் காத்திருந்தன. விஸ்டாவின் டிரைவர் முறை புதியது, டிரைவர்கள் இன்னும் பழுக்கவில்லை. 2007ல் பதிவான விஸ்டா கிராஷ்களில் சுமார் 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று, பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் இருந்தது. சவுண்டு கார்டை நேரடியாகப் பயன்படுத்தும் பழைய பாதையையும் விஸ்டா எடுத்துவிட்டது. பழைய விளையாட்டுகளின் சுற்றொலி விளைவுகளைத் திரும்பப் பெற கிரியேட்டிவ் நிறுவனம் தனியாக ஒரு மென்பொருள் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, தூண்டிலில் இருந்த புழுவாவது நிஜமா? 2004ல் எக்ஸ்பாக்ஸில் வந்த ஹேலோ 2, 2007 மே மாதம் கணினிக்கு வந்தது, விஸ்டாவுக்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த விளையாட்டு பயன்படுத்தியது டைரக்ட்எக்ஸ் 9! சில வாரங்களிலேயே அதை எக்ஸ்பியில் ஓட வைத்துக் காட்டினார்கள். அதே வருடம் நவம்பரில் வந்த கிரைசிஸில் மிக உயர்ந்த காட்சித் தரம் எக்ஸ்பியில் பூட்டப்பட்டிருந்தது. அமைப்புக் கோப்பில் சில எண்களை மாற்றியதும் அதில் பெரும்பகுதி எக்ஸ்பியிலேயே தெரிந்தது.

ஆக, சுவரில் ஒரு பகுதி தொழில்நுட்பம், ஒரு பகுதி வியாபாரம். பொறுத்திருந்தவர்கள் 2009 அக்டோபர் 22ல் வந்த விண்டோஸ் 7க்கு நேராகத் தாவினார்கள். அவர்கள் இழந்தது மிகக் கொஞ்சம். ஆனால் விஸ்டாவையும் குறை மட்டும் சொல்ல முடியாது. விண்டோஸ் 7 நின்றது விஸ்டா போட்ட அஸ்திவாரத்தில்தான். அடிபட்டுச் சரியான டிரைவர்களை 7 வாங்கிக்கொண்டது, அவ்வளவே. 2010ல் வந்த ஜஸ்ட் காஸ் 2 எக்ஸ்பியில் ஓடவே இல்லை. அப்போதுதான் எக்ஸ்பிக்காரர்களுக்குக் கதவு நிஜமாகவே மூடத் தொடங்கியது.

அதே காலத்தில் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டியவர்கள் 64 பிட்டுக்கு மாறினார்கள். அங்கே 16 பிட் நிரல்கள் ஓடாது. சில விளையாட்டுகள் 32 பிட்டில் எழுதப்பட்டவை, ஆனால் அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட். மாப்பிள்ளை தயார், மண்டபத்துக் கதவு திறக்கவில்லை என்ற கதைதான்!

விண்டோஸ் 10: இலவசத்தின் விலை

2012ல் விண்டோஸ் 8 வருவதற்கு முன்பே, அது கணினி உலகத்துக்குப் பேரிடர் என்று பகிரங்கமாகச் சொன்னார் ஒருவர். யார்? டூமை விண்டோஸுக்குக் கொண்டுவந்த அதே கேப் நியூவெல்! இப்போது அவர் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் சொந்தக் கடை திறந்ததில் அவருக்கு வியாபாரக் கவலையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

2015 ஜூலை 29ல் விண்டோஸ் 10 வந்தது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம். கூடவே டைரக்ட்எக்ஸ் 12. பணம் ஒரு தடையாக இல்லாமல் போனது.

ஆனால் வேறொரு விதத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2000ங்களில் வந்த பல விளையாட்டு வட்டுகளில், நகலெடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதன் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம் நியாயமானதுதான், அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது 2007லேயே தெரியும். ஆனால் பாதிக்கப்பட்டது யார்? காசு கொடுத்து அசல் வட்டு வாங்கியவர்! திருட்டு நகல் வைத்திருந்தவருக்குப் பூட்டே இல்லாததால் பிரச்சினையும் இல்லை.

டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10க்கு மட்டும் என்றார்கள். 2019 மார்ச்சில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்காக அதே தொழில்நுட்பம் விண்டோஸ் 7க்கும் வந்தது. மனம் வைத்தால் முடியும் போலிருக்கிறது.

விண்டோஸ் 11: முடிவு கைமாறியது

2021 அக்டோபர் 5ல் வந்த விண்டோஸ் 11 கேட்டது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பிராசஸரையும். 2017ல் விளையாட்டுக்கென்றே வாங்கிய முதல் தலைமுறை ரைசன், இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ7 ஆகியவை பட்டியலில் இல்லை. வந்த புதிதில் ஏஎம்டி பிராசஸர்களில் சில விளையாட்டுகளின் வேகம் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அதே மாதத்தில் திருத்தமும் வந்தது. இந்த முறையும் பொறுத்திருந்தவர்களுக்கு நஷ்டம் அதிகம் இல்லை.

ஆனால் காத்திருக்கும் வசதிக்கும் முடிவு வந்தது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அதே மாதம் வந்த பேட்டில்ஃபீல்டு 6, ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கட்டாயமாகக் கேட்டது. இயங்குதளம் விட்டாலும் விளையாட்டு விடுவதாக இல்லை.

ஸ்டீம் கதை இன்னும் விசித்திரம். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8க்கான ஆதரவை அது நிறுத்தியது. 2010ல் விண்டோஸ் 7க்காகவே எழுதப்பட்டு, ஸ்டீமில் வாங்கப்பட்ட விளையாட்டுக்கு இப்போது அதே விண்டோஸ் 7ல் உத்தரவாதம் இல்லை. விளையாட்டும் மாறவில்லை, கணினியும் மாறவில்லை. கடை மாறிவிட்டது!

மாற்று வழியைத் திறந்ததும் அதே வால்வ்தான். 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்தது. 2022ல் வந்த ஸ்டீம் டெக் அதை நம்பியே விற்கப்பட்டது. பல பழைய விளையாட்டுகள் புது விண்டோஸைவிட அங்கே ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் பேட்டில்ஃபீல்டு 6 போல இயங்குதளத்தின் அடிவரை போய்க் கண்காணிக்கும் விளையாட்டுகள் அங்கே நுழைவதில்லை.

முடிவாக...

1995ல் விளையாடுபவர் "வர மாட்டேன்" என்றால் நிறுவனம் இறங்கி வந்தது. 2007ல் ஆசை காட்டியது. 2025ல் சிப்பும், கடையும், விளையாட்டு நிறுவனமும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டு அவருக்குத் தகவல் மட்டும் சொல்கின்றன.

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. வெளிவந்த முதல் மாதத்தில் மாறியவர்கள் அதிகம் சம்பாதித்ததும் இல்லை, ஒரு வருடம் பொறுத்தவர்கள் அதிகம் இழந்ததும் இல்லை. விளையாட வேண்டிய புது விளையாட்டு ஒன்று பெயர் சொல்லிக் கேட்கும்போது மாறினால் போதும். அப்படி மாறும்போதும் பழைய வன்தட்டை அழிக்காமல், கழற்றித் தனியே வைத்துவிட்டுப் புதியதில் நிறுவுவது நல்லது. இணையத்தோடு இணைக்காத ஒரு பழைய கணினியில் அந்த வட்டு இன்னும் பல வருடங்கள் ஓடும். அதில் இருக்கும் விளையாட்டுகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.